பதியாத விரல்

காலை ஒன்பது இருபது. தக்கலையில் ஒரு மாடிக் கூடத்தின் வாசலில் முதலில் கண்ணில் பட்டது, சேலைத் தலைப்பில் பெருவிரலை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்.

வேலை இழந்தவர்களுக்கான இலவசப் பயிற்சி அது. கணினியில் பில் போடக் கற்றுத் தருவார்கள். பரீட்சையில் தேறினால் நாகர்கோவிலில் திறக்கவிருந்த ஒரு பெரிய கடையில் வேலை. நானும் அங்கே படிக்கத்தான் வந்திருந்தேன்; நான் வேலை பார்த்த பத்திரிகை இங்குள்ள பதிப்பை நிறுத்தியிருந்தது. அந்தப் பெண் கொட்டை உடைத்த அண்டியாபீஸ், அதாவது முந்திரி ஆலை, மூடிவிட்டது. அவர் வீட்டில் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் அவர்தான்.

வருகைப் பதிவுக்கு வாசலில் விரல் வைக்கும் இயந்திரம் இருந்தது. வருகை குறைந்தால் பரீட்சை கிடையாது. முந்திரித் தோட்டின் எண்ணெய் அரித்து அரித்து அந்தப் பெண்ணின் விரல் நுனிகளில் ரேகையே இல்லை. வைத்த ஒவ்வொரு முறையும் சிவப்பு விளக்கு.

"கையக் கழுவிட்டு வாங்கக்கா," என்றார் பயிற்சியாளர்.

"கழுவுனா ரேகை மொளைக்குமா சாரே?" என்றார் அந்தப் பெண்.

பின்னால் நின்ற தோழி சொன்னாள்: "ஏட்டி, பருப்போட சேத்து உனக்க வெரலயும் டின்னுல அடச்சு கப்பலேத்திட்டானுவளா?"

வரிசையே சிரித்தது. அந்தப் பெண்ணும்தான்.

பயிற்சியாளர் சிரிக்கவில்லை. தொடாமல், பேனா நுனியால் அந்த விரலைத் தள்ளிச் சரியாக வைத்துப் பார்த்தார். பிறகு இயந்திரத்தின் கண்ணாடியில் சானிடைசர் ஊற்றித் துடைத்தார். மற்ற யாருக்குப் பிறகும் துடைக்கவில்லை. தினமும் இதேதான். பயிற்சியாளர் தன் விரலுக்குப் பச்சை விளக்கு எரிந்ததும் கீழே இறங்கிப் போவார். மாலையில் மறுபடி விரல் வைக்க வருவார். இடையில் எங்களுக்கு வீடியோ ஓடும். கோட்டு போட்ட ஒருவர், காலத்துக்கேற்ப மாறுங்கள் என்பார்.

நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்டேன்.

"மெஷின் சொல்றதுதான் கணக்கு சார்," என்றார்.

அந்தப் பெண் ஒரு நாளும் தவறவில்லை. மெதுவாகத்தான், ஆனாலும் அங்கிருந்த கணினியில் தானே தட்டிப் பார்த்து பில் போடக் கற்றுக்கொண்டார்.

பரீட்சையன்று பயிற்சியாளர் அவரை வாசலில் நிறுத்தினார். "நீங்க வகுப்புக்கே வரலன்னு காட்டுதுக்கா."

"பின்ன தெனமும் கண்ணாடியத் தொடச்சியளே, யாரு தொட்டதுக்குத் தொடச்சிய சாரே?"

பயிற்சியாளர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்தப் பெண் படியிறங்கி எதிர்ப்புறம் போய் நெய்யூர் பஸ்ஸுக்கு நின்றார். பத்து மணிக்குப் பரீட்சை தொடங்கியது.