செவ்வரளி சொன்ன கார்டு

1998 அக்டோபர் 12 – தறி இரண்டு விற்றது. வரவு ரூ. 52,000.
1998 அக்டோபர் 14 – பழைய கம்ப்யூட்டர் மூன்று. செலவு ரூ. 48,000.
1999 மார்ச் 5 – அரளிப்பூ, தேங்காய், கற்பூரம். செலவு ரூ. 21.50.
1999 மார்ச் 5 – கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று. செலவு ரூ. 9,200.
1999 மார்ச் 9 – கம்ப்யூட்டர் இரண்டு விற்றது. வரவு ரூ. 19,000.
1999 மார்ச் 10 – மதர்போர்டு, ப்ராசஸர், மெமரி, கேபினட். செலவு ரூ. 17,650.
1999 மார்ச் 20 – கரும்பலகை, சுண்ணக்கட்டி. செலவு ரூ. 84.

சூலூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த ராசாத்தாளின் கணக்கு இது. நான் மில்லில் ஸ்டோர் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், மாதம் ஒருமுறை என்னைக் கூப்பிட்டு வரவு செலவை எழுதச் சொல்வார். ஊரில் அவரைப் பலரும் பலவிதமாக நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு அவர் நினைவுக்கு வருவது எப்போதும் அந்தச் சில மாதங்களின் வழியாகத்தான்.

ராசாத்தாள் சத்தியமங்கலத்துக்காரர். பத்தொன்பது வயதில் காளிச்சாமிக்கு வாழ்க்கைப்பட்டு சூலூர் வந்தவர். மூன்று ஏக்கர் பூமி, வீட்டுக்குப் பின்னால் நான்கு விசைத்தறி. தறி ஓடும் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி அவருக்குக் குரல் எப்போதும் ஒரு படி உயர்ந்தே இருக்கும். பிள்ளைகள் இல்லை. 1991இல் பூமியில் ஆழ்துளைப் போர் போடுவதற்காகக் காளிச்சாமி கோயிலில் பூக் கேட்டார். வெள்ளைப்பூ வந்தால் போடலாம், சிவப்பு வந்தால் வேண்டாம் என்பது பேச்சு. சிவப்புதான் வந்தது. மனிதர் கேட்கவில்லை. அறுநூற்றிருபது அடிக்கும் புகை மாதிரி மண்தான் வந்தது. அந்தக் கடனுக்குப் பூமி போனது, பிறகு இரண்டு தறி போனது. 1996இல் காளிச்சாமியும் போய்ச் சேர்ந்தார்.

அவர்கள் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம் வாடகைக்கு இருந்தது. வாத்தியார் டீ குடிக்கப் போனால் பையன்கள் பாடத்தை மூடிவிட்டுக் கார்ப் பந்தயம் ஓட்டுவார்கள். நிலையத்தை மூடியபோது மூன்று கம்ப்யூட்டர்களையும் விலைக்குத் தருவதாக வாத்தியார் சொன்னார். ராசாத்தாள் மிச்சமிருந்த இரண்டு தறிகளை விற்று அவற்றை வாங்கினார். படிப்பெல்லாம் வேண்டாம், விளையாட்டு மட்டும். மணிக்கு இருபத்தைந்து ரூபாய்.

செய்தி சத்தியமங்கலம் போனது. அண்ணன் பொங்கியண்ணன் இன்லேண்டு லெட்டர் எழுதினார். பவானி வாய்க்கால் ஓரம் வாழையும் மஞ்சளும் வைத்திருப்பவர். தங்கை மேல் உயிர். ஆனால் பாசத்தையும் உத்தரவாகத்தான் சொல்வார். "தெற்கு அறையை உனக்காக ஒழித்து வைத்திருக்கிறேன். சாமானைக் கட்டி வை. வண்டி அனுப்புகிறேன்." மாதம் ஒரு கடிதம், ஒவ்வொன்றிலும் அந்தத் தெற்கு அறை.

"அந்த அறைக்குள்ள போயிட்டா அப்பறம் அண்ணி சொல்ற நேரத்துக்கு எந்திரிச்சு, அண்ணி சொல்ற கொழம்பு வெச்சு, அப்புடியே காலம் போயிருமுங் சார்," என்பார் ராசாத்தாள். வைகாசி முடிகிறவரை பார்க்கிறேன், கடை ஓடாவிட்டால் வந்துவிடுகிறேன் என்று பதில் எழுதச் சொன்னார். எழுதினேன்.

தை மாதம் கடை படுத்தது. திருச்சி ரோட்டில் ஒருவர் புதிதாகக் கடை போட்டார். அங்கே காரும் சாலையும் தண்ணீர் மாதிரி ஓடுகின்றன என்று பையன்கள் அங்கே போனார்கள். ராசாத்தாளின் கம்ப்யூட்டரில் சாலை விட்டு விட்டு வரும். திருப்பத்தில் கார் ஒரு நொடி நின்று, பிறகு பார்த்தால் சுவரில் முட்டிக் கிடக்கும். "ஊடை நூல் அந்து அந்து போற தறியாட்ட இருக்குது," என்பார் அவர்.

நாங்கள் இருவரும் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். அங்கே கம்ப்யூட்டர் கோக்கும் வேலை பார்த்த பெண் மெஹராஜ். இருபத்தைந்து வயது இருக்கும். காதோரம் ஸ்க்ரூ டிரைவரைச் செருகிக்கொண்டு பேசுவாள். திரையில் படம் வரைவதற்கென்றே உள்ளே செருகும் ஒரு பலகை உண்டு, அதை மாற்றினால் போதும் என்று அவள்தான் சொன்னாள். இரண்டு கார்டுகளை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது வூடூ-2ங்க்கா. வெளையாட்டுக்குன்னே செஞ்சது. ஓட்டம் அப்புடி இருக்கும். இது டி.என்.டி. இதுல நெறம் கண்ணுக்குள்ளயே வந்து உக்காரும்."

"எது நல்லதுன்னு சொல்லு கண்ணு."

"ரெண்டும் நல்லதுதானுங்க்கா. ஒரு பொட்டியத் தூக்கிட்டு வாங்க, தொறந்து பாத்துட்டுச் சொல்றேன்."

ராசாத்தாளிடம் ஒரு கார்டுக்குத்தான் பணம் இருந்தது. ஒரு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, கூட்டம் வந்தால் மற்ற இரண்டுக்கும் வாங்கலாம் என்பது திட்டம். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் கையிலிருந்த பணத்தை இரண்டு தடவை எண்ணினார். பிறகு, "பூக் கேட்டுப்போடலாமுங் சார்," என்றார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை கோயிலுக்குப் போனோம். வெள்ளரளி வந்தால் வூடூ, செவ்வரளி வந்தால் டி.என்.டி. ஒரே அளவுக் காகிதத்தில் இரண்டையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துக் கொடுத்தார். பூசாரி வாங்கிக்கொண்டு யோசித்தார்.

"கெணத்துக்குக் கேப்பாங்க, கல்யாணத்துக்குக் கேப்பாங்க. இதென்னுங் அம்மணி, கார்டுங்கறீங்க? ரேஷன் கார்டுங்களா?"

"கம்ப்யூட்டர் கார்டுங்க. சாமிக்குத் தெரியும், நீங்க போடுங்க."

பொட்டலங்களை அம்மன் பாதத்தில் குலுக்கிப் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிரித்தால் செவ்வரளி. ராசாத்தாள் அதைத் தலையில் வைத்துக்கொண்டார். அதே பஸ் பிடித்து ஆர்.எஸ்.புரம் போய், கடை முதலாளியிடம் டி.என்.டி. என்று சொல்லிக் கார்டை வாங்கிவிட்டார். மெஹராஜ் அன்று வேறு எங்கோ வேலையாகப் போயிருந்தாள். பெட்டியைத் தூக்கி வரச் சொன்னாளே என்று நான் நினைவூட்டினேன். "சாமியே சொன்னதுக்கப்பறம் அவ என்னுங் தொறந்து பாக்கறது?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மெஹராஜ் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். கார்டை வைத்துப் பார்த்தாள். திருப்பி வைத்துப் பார்த்தாள். அடுத்த பெட்டியைத் திறந்தாள். மூன்றாவதையும் திறந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

"அக்கா, இந்தக் கார்டு உக்கார்ற எடமே உங்க போர்டுல இல்லீங்க்கா. இது புது மாதிரி. உங்களுது மூணும் பழைய மாதிரி. அந்த வூடூதான் இதுல உக்காரும்."

ராசாத்தாள் குனிந்து பார்த்தார். கார்டின் பல்லையும் போர்டின் பள்ளத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"பயப்படாதீங்க. பில்லு இருக்குதுல்ல? நாளைக்கே மாத்தித் தந்தர்றேன். பைசா குறைக்க மாட்டாங்க."

"மாத்தக் கூடாது கண்ணு."

"ஏனுங்க்கா?"

"கேட்டுப்போட்டு மாத்துனா என்ன ஆகும்னு இந்த ஊட்டுல ஒருத்தரு பாத்துட்டுப் போயிட்டாரு." சுவரில் காளிச்சாமியின் படம் இருந்தது. மெஹராஜுக்குப் போர் போட்ட கதை தெரியாது. என்னைப் பார்த்தாள். நான் சுருக்கமாகச் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது.

"சரி, இன்னொருக்காக் கேளுங்க. பூ என்ன, அஞ்சு ரூவா."

"ஒரே காரியத்துக்கு ரெண்டு தடவை கேக்கறதில்ல. கார்டுக்குப் போர்டு ஒத்து வரலீன்னா போர்ட மாத்து."

"போர்ட மாத்துனா ப்ராசஸர மாத்தோணும். அத மாத்துனா மெமரிய மாத்தோணும். புதுப் போர்டு இந்தக் கேபினட்டுல நிக்காது, அதையும் மாத்தோணும். காதுல கம்மல் வாங்கப் போயி ஆளையே மாத்தற கதைங்க்கா இது!"

"எத்தனை ஆகும்?"

சொன்னாள். ராசாத்தாளிடம் அவ்வளவு இல்லை. மூன்று கம்ப்யூட்டர்களையும் ஒரு முறை பார்த்தார். அவற்றில் இரண்டை விற்றுவிடச் சொன்னார்.

"ஒத்தக் கம்ப்யூட்டர வெச்சு யாராவது கடை நடத்துவாங்களா அக்கா?"

"ஒத்தத் தேர வெச்சுத்தான் ஊரே நோம்பி கும்புடுது."

எனக்கு அது சரியாகப் படவில்லை. மூன்று கம்ப்யூட்டர் வைத்தே ஓடாத கடை. வைகாசி முடிய மூன்று மாதம்தான். மெஹராஜின் பேச்சைக் கேட்டுக் கார்டை மாற்றினால் குறைந்தது இரண்டு பழைய பெட்டிகளாவது மிஞ்சும் என்று சொல்லிப் பார்த்தேன். "உங்குளுக்குக் கணக்கு, எனக்கு வாக்குங் சார்," என்று முடித்துவிட்டார்.

புதன்கிழமை மெஹராஜ் வேண்டிய சாமான்களோடு வந்து மாலை வரை வேலை செய்தாள். ஸ்விட்சைப் போட்டதும் புதிய விசிறி ஒன்று கூடுதலாக உறுமியது. கார்ப் பந்தயத்தைத் திறந்தாள். கடலோரச் சாலை, ஈரமான தார், தூரத்தில் பனியில் மங்கிய மலை. அதே விளையாட்டுதான். ஆனால் அதில் கடல் இருந்தது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. பழைய பெட்டியில் அது நீலப் பாயாக இருந்தது.

ராசாத்தாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதுவரை அவர் விளையாடியதில்லை. சாலை அறுந்து அறுந்து வந்தபோது அவருக்குப் பொறுக்கவில்லை. அன்று முதல் திருப்பத்தில் முட்டினார், இரண்டாவதில் முட்டினார். மூன்றாவதில் முட்டவில்லை. இருபத்தைந்து வருடம் தறியில் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற நாடாவைப் பார்த்துப் பழகிய கண், நூல் அறுவதற்கு முன்பே போய்விடும் கை. "நூல் அந்து போகலீங் சார், பாத்தீங்களா!" என்று கத்தினார்.

முதல் பத்து நாள் ஈ ஓட்டவில்லை, கார் ஓட்டினார். பகலில் யாரும் வராத கடையில் அவரே உட்கார்ந்து பழகினார். பிறகு என்னைக் கரும்பலகை வாங்கிவரச் சொல்லி வாசலில் மாட்டினார். ஒரு சுற்றை அவர் எத்தனை நொடியில் முடித்தார் என்பதை எழுதச் சொன்னார். கீழே இன்னொரு வரி: "அக்காவை முந்தினால் அரை மணி நேரம் இலவசம்."

அந்தப் பலகைதான் கூட்டத்தைக் கொண்டுவந்தது. கல்லூரிப் பையன்கள் பலகையைப் பார்த்துச் சிரித்தபடி உள்ளே வருவார்கள். பணத்தைக் கொடுத்துவிட்டு அசடு வழிய வெளியே போவார்கள். மறுநாள் நண்பர்களோடு வருவார்கள். விமானப்படை நிலையத்து இளைஞர்கள், சைக்கிளில் வரும் தறிக்காரப் பையன்கள், திருப்பூர் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் எல்லாரும் வந்தார்கள். ஒரே கம்ப்யூட்டர் என்பதால் ஒருவர் ஓட்டப் பத்துப் பேர் காத்திருப்பார்கள். காத்திருப்பவர்களுக்குத் தறிக் கொட்டகையில் கிடந்த பெஞ்சுகளைப் போட்டார். ஓட்டுகிறவனை விடப் பின்னால் நிற்கிறவனுக்குத்தான் அதிக ஆவேசம்.

"பிரேக்கப் புடி, பிரேக்கப் புடி! போச்சு, கடலுக்குள்ள உட்டுட்டான்!"

"கண்ணு, நீச்சல் தெரியுமா? தெரியலீன்னா எந்திரிச்சு அடுத்த ஆளுக்கு எடங்குடு," என்பார் ராசாத்தாள்.

அந்த அறையின் வாசனை இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சூடான மானிட்டர், புதுக் கேபினட்டின் பெயிண்ட், சுவருக்குள் ஊறிப்போன பஞ்சுத் தூசி. கரண்டு போனால் அத்தனை பேரும் ஒரே குரலில் "அய்யோ" என்பார்கள். வந்தால் தெருவே அறியும்படி கத்துவார்கள். இன்று அந்த அறையில் செல்போன் உறை விற்கிறார்கள். அதன் எதிரே உள்ள சாலைத் திருப்பத்தில் பஸ் வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் என் கை தானாக முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறது.

வைகாசி பிறந்த மறுவாரம் பொங்கியண்ணன் முன்னறிவிப்பில்லாமல் வந்தார். தோளில் ஒரு வாழைத்தார். வாசலில் செருப்புகளைத் தாண்டி உள்ளே வர வழியில்லாமல் நின்றார்.

"ஏனம்மணி, என்ன இது, ஊட்டுல எழவு கிழவு உளுந்துபோச்சா, இத்தனை கூட்டம்?"

"வாங்கண்ணா. அந்தப் பெஞ்சுல சித்தெ உக்காருங்க. இந்தத் தம்பி முடிச்சதீம் வாரேன்."

அவர் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் பையன்கள். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் ராசாத்தாள் அவரை நாற்காலியில் உட்கார வைத்தார்.

"நானு இருவது வருசமா டிராக்டர் ஓட்டறவன், என்னயப் போயி..." என்றபடி விசைகளில் கை வைத்தார். முதல் திருப்பத்திலேயே கார் கடலுக்குள் போனது. இரண்டாவது தடவையும் போனது. மூன்றாவது தடவை, "ரோட்ட ஒழுங்காப் போடல," என்றார். பெஞ்சில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு எழுந்தார். வாழைத்தாரைப் பையன்களுக்குப் பிய்த்துக் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டுக் கிளம்பினார். தெற்கு அறை பற்றியும் வண்டி பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் ஏறும்போது என்னிடம் மட்டும், "கடை நெசமாத்தான் ஓடுதுங்களா?" என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். தலையாட்டினார். நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை.

வெள்ளைப்பூ வந்திருந்தால் மூன்று கம்ப்யூட்டரும் இருந்திருக்கும், கடை இன்னும் பெரிதாகியிருக்கும் என்று மெஹராஜ் பல வருடம் கழித்தும் வாதாடுவாள். ராசாத்தாள் கடைசி வரை ஒப்புக்கொண்டதில்லை.

வைகாசி முடிந்தது. வண்டி வருமா என்று ராசாத்தாள் இரண்டு மூன்று நாள் தெருவைப் பார்த்தார். ஆனியில் கடிதம்தான் வந்தது. கண்ணாடி எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை என்று சொல்லி என்னைப் படிக்கச் சொன்னார். கண்ணாடி அவர் தலைமேல்தான் இருந்தது.

முதல் பக்கம் முழுதும் மழை, வாய்க்கால் தண்ணீர், அண்ணியின் முழங்கால் வலி. மடிப்பின் கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: "இந்த வருசம் மஞ்சள் விலை சரியில்லை, இருப்பு வைக்கிறேன். தெற்கு அறையில் மூட்டை அடுக்கிவிட்டேன். இனி நீ வந்தால் கூடத்தில்தான் படுக்க வேண்டும். நோம்பிக்கு நாலு நாள் விருந்தாட ஒறம்பரையாக வந்து போ. கடையை ரொம்ப நாள் பூட்டாதே."

"இன்னொருக்காப் படிங் சார்," என்றார். படித்தேன்.

"எத்தனை மூட்டைன்னு எழுதலியா?"

"இல்லைங்க."

"இருந்தாலும் அறை நெறஞ்சிருக்குமுங்," என்று சொல்லிவிட்டு, முன்னறைக்குப் போய்க் கதவைத் திறந்தார். வெளியே இரண்டு பேர் ஏற்கனவே காத்திருந்தார்கள். சுண்ணக்கட்டியை எடுத்துப் பலகையில் பழைய நொடிக் கணக்கை அழித்து, முந்தைய நாள் ஓட்டியதை அவரே எழுதினார்.

தெற்கு அறையைப் பற்றி அண்ணன் எழுதிய கடைசிக் கடிதம் அதுதான். வந்து சேர்ந்த நாள் 1999 ஜூன் 22, செவ்வாய்க்கிழமை.