‘தூக்கிடுவாங்க’ என்றால் என்ன?

பக்கத்து அறையில் இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது.

சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள். சந்தேகமே இல்லை, அவளுடைய வேலை அறையிலிருந்துதான். அந்த இரும்பு மேசையின் இரண்டாவது இழுப்பறை மட்டும் பாதி வழியில் சிக்கிக்கொண்டு ஒரு முனகல் முனகும். நீதிமன்றத்திலிருந்து வந்த உறை அதற்குள்தான் இருந்தது. வீட்டில் இருப்பதோ இரண்டே பேர், அவளும் அவள் கணவரும். கணவருக்கு அந்த அறையில் எந்த வேலையும் கிடையாது.

ஈரக் கையோடு போய் வாசலில் நின்றாள். அவர் இழுப்பறையை மெல்ல உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.

“என்னங்க தேடறீங்க?”

“ஸ்டேப்ளர்.”

ஸ்டேப்ளர் மேசை மேலேயே இருந்தது. அதை அவரும் பார்த்தார், அவளும் பார்த்தாள்.

“அட, இங்கதான் இருக்கா” என்று அதைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். எதைத் தைத்தாரோ தெரியாது. கால் மணி நேரம் கழித்து அதே ஸ்டேப்ளரைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு ஊசிகூடக் குறையவில்லை.

இருபத்தாறு வருடம் ஒரே கூரைக்குக் கீழே வாழ்ந்த மனிதர் மேல் சந்தேகம் வந்தால் அது சோற்றில் கல் அகப்பட்ட மாதிரி. ஒரு முறை பல்லில் கடிபட்டுவிட்டால் பிறகு ஒவ்வொரு கவளத்தையும் நாக்கு தடவிப் பார்க்கும்.

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் ‘அகராதி அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டம் கொடுத்தது அவளுடைய நாத்தனார். கல்யாணப் பத்திரிகையில் ஒரு எழுத்துப்பிழையைக் கண்டுபிடித்து, மாப்பிள்ளை வீட்டாரிடமே பேனாவால் சுழித்துக் காட்டினாள் மணப்பெண். “அண்ணா, இது அகராதி புடிச்ச பொண்ணு, யோசிச்சுக்கோ” என்றாள் நாத்தனார். அண்ணன் யோசிக்கவில்லை. பின்னாளில் அவள் நீதிமன்ற மொழியைக் கற்று, தேர்வெழுதி, உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர் ஆனபோது, திட்டாகப் பிறந்த பெயர் தொழிற்பெயராகவே நிலைத்துவிட்டது.

இருபத்திரண்டு வருடமாகப் பிறப்புச் சான்றிதழ், விவாகரத்து மனு, பாகப்பிரிவினைப் பத்திரம் என்று எதையெல்லாமோ ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குக் கரை சேர்த்தாள். “எங்க வீட்ல சண்டை வந்தா நான் திட்டறதுல இருக்கற தப்பத் திருத்திட்டுத்தான் அழ ஆரம்பிப்பா” என்று கணவர் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு அடங்கி மூன்று மாதம் ஆகிறது.

பக்கத்து நாட்டிலிருந்து ஒரு அச்சக ஊழியன் எல்லை தாண்டி வந்து அடைக்கலம் கேட்டிருந்தான். அவன் அரசு அலுவலகம் ஒன்றுக்குத் தீ வைத்தவன், திருப்பி அனுப்புங்கள் என்றது அந்த நாடு. நீதிமன்றம் முடிவு செய்யட்டும் என்றது இந்த நாடு. கோபத்தில் அவர்கள் தங்கள் வான்வழியை மூடினார்கள். இங்கிருந்து போகும், இங்கே வரும் எந்த விமானமும் அவர்கள் வானத்தைத் தொடக்கூடாது. அவனைத் திருப்பி அனுப்பிய வாரமே வானம் திறந்துவிடும் என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின.

அந்த வானத்துக்கு அப்பால் இருந்தாள் அவர்களுடைய ஒரே மகள்.

மகளுக்கு ஏழாவது மாதம். முதல் பிள்ளை போன வருடம் அந்த ஊரிலேயே, பக்கத்தில் ஒருவரும் இல்லாத ஒரு மத்தியான வேளையில் வயிற்றில் தங்காமல் போனது. இந்த முறை அம்மா மடியில்தான் என்று முடிவு செய்திருந்தாள். முன்பு நான்கு மணி நேரப் பயணம். இப்போது சுற்றுவழி, இரண்டு இடத்தில் இறங்கி ஏறிப் பதினேழு மணி நேரம். மருத்துவர் கூடவே கூடாது என்றுவிட்டார். இன்னும் பன்னிரண்டு நாள் போனால் நேர்வழி திறந்தாலும் எந்த விமானத்திலும் அவளை ஏற்ற மாட்டார்கள். விமான நிலையச் சரக்குப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்த அப்பா, காலியாகக் கிடக்கும் ஓடுபாதையைத் தினமும் பார்த்துவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

கதையை இப்படி முடிச்சுப் போட்டு வைத்த விதிக்கு அதுவும் போதவில்லை. அந்த அச்சக ஊழியனின் வழக்கு அவள் மேசைக்கே வந்து சேர்ந்தது.

அவன் தன் அக்காவுடன் தொலைபேசியில் பேசியது ஒலிப்பதிவாக இருந்தது. பேசியது நம் மொழி. நடுவில் ஒரு வாக்கியம்: “திரும்பிப் போனா என்னைத் தூக்கிடுவாங்கக்கா.”

அரசுத் தரப்பு மொழிபெயர்ப்பாளர் ‘கைது செய்வார்கள்’ என்று எழுதியிருந்தார். அவன் தரப்பில் ‘தூக்கிலிடுவார்கள்’ என்று எழுதியிருந்தார்கள். மரண தண்டனை காத்திருக்கும் இடத்துக்கு ஒருவனை அனுப்பச் சட்டம் இடம் தராது. வெறும் கைது என்றால் தாராளமாக அனுப்பலாம். நீதிபதி தலையைப் பிடித்துக்கொண்டு, மூடிய அறை விசாரணையில், மூன்றாவது ஆளாக அவளிடம் கேட்டார். நாளைக் காலை பதில் போக வேண்டும்.

மூன்று நாளாக அவள் அந்த ஒரு சொல்லுக்கு நேரே வெற்றிடம் விட்டிருந்தாள். கைது என்று எழுதினால் யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. தெருவில் யாரைக் கேட்டாலும், போலீஸ் பிடிப்பதைத்தானே அப்படிச் சொல்வோம் என்பார்கள். ஒரு சொல். மகள் வந்துவிடுவாள்.

இன்றைக்கு, ஸ்டேப்ளர் நாடகத்துக்குப் பிறகு, அவள் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடியும் கேட்டாள்.

“தூக்கிடுவாங்கக்கா.” பிறகு அவன் இருமினான். முதல் இரண்டு பேரும் அந்த இடத்தில் ‘இருமல்’ என்று குறித்துவிட்டு மேலே போயிருந்தார்கள். அவளும் அப்படித்தான் போயிருந்தாள். ஆனால் சந்தேகம் பிடித்த காது வேறு காது. கணவர் எந்தப் பக்கம் நடக்கிறார் என்று காலையிலிருந்து கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்த காது. இருமலுக்கு அடியில் ஏதோ இருந்தது. திரும்பத் திரும்ப ஓட்டினாள்.

அக்காவின் குரல். “அப்பாவத் தூக்குன மாதிரியா?”

அவன், “ம்.”

அதற்கப்புறம் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. “சாப்பிட்டியா” என்று கேட்டாள் அக்கா.

அவள் கோப்பைப் புரட்டினாள். குடும்ப விவரத்தில், தந்தை என்ற இடத்துக்கு நேரே, பதினோரு வருடத்துக்கு முந்தைய ஒரு தேதியும் ‘காணவில்லை’ என்ற சொல்லும் இருந்தன. வழக்கு ஏதும் இல்லை.

கைது செய்தால் ஒரு காகிதம் இருக்கும். தூக்குப் போட்டால் ஒரு தீர்ப்பாவது இருக்கும். தூக்கிக்கொண்டு போனால் எதுவும் இருக்காது. ஒரு பெண்பிள்ளை மூடி வைத்த சோறு ஆறிக் கிடக்கும், அவ்வளவுதான்.

கண்ணீர் மூக்குக் கண்ணாடியில் விழுந்தது. துடைத்துக்கொண்டு எழுதினாள். ‘கைது’ என்றும் எழுதவில்லை, ‘தூக்கு’ என்றும் எழுதவில்லை. சட்ட நடைமுறை ஏதுமின்றி ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று எழுதி, இருமலுக்கு அடியில் இருந்ததையும் அப்படியே பெயர்த்து, எத்தனையாவது விநாடி என்று குறித்துக் கையெழுத்துப் போட்டாள். இதைப் படித்தால் நீதிபதி அவனை அனுப்ப மாட்டார்; தன் மகளின் பயணத்தைத் தானே ரத்து செய்கிற மாதிரி இருந்தது. உறையை ஒட்டி, இழுப்பறையில் வைக்காமல், புடவைகளுக்கு நடுவே வைத்தாள். கட்டிய கணவரிடமிருந்து ஒளித்து வைக்கிறோம் என்ற நினைப்பு நெஞ்சைச் சுட்டது.

மாலை நான்கு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. மணி அடித்து முடிவதற்குள் கணவர் கதவைத் திறந்துவிட்டார்.

“வாங்க சார், வாங்க.”

புதிய ஆளிடம் பேசுகிற குரலாக அது இல்லை.

வந்தவர் கண்ணாடி போட்ட, மெலிந்த, சாதுவான மனிதர். பயணிகள் நலக் குழுவிலிருந்து வருவதாகச் சொன்னார். விமான நிலையத்தில் சாரிடம் பேசியிருக்கிறேன் என்றார். சார் தரையைப் பார்த்தார்.

“உங்க பொண்ணுக்கு நல்ல சேதி மேடம். ஒரு சிறப்பு விமானம் வருது. நேர்வழி. கர்ப்பிணிங்க, நோயாளிங்க மட்டும்.”

“நேர்வழிதான் மூடியிருக்கே?”

“சில பேருக்குத் திறக்கும்” என்று சிரித்தார். “பாஸ்போர்ட் நகல் மட்டும் வேணும். அஞ்சு மணிக்குப் பட்டியல முடிச்சுடுவாங்க.”

கணவர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேசை மேல் வைத்தார். மகளின் பாஸ்போர்ட் நகல். இழுப்பறையில் அவர் தேடியது இதைத்தான். ஒரு கணம் அவளுக்கு மூச்சு வந்தது.

“காலையிலயே சொல்லியிருக்கலாமே” என்றாள்.

“சீட் உறுதியாகட்டும்னு இருந்தேன். அப்புறம் ஏமாந்துட்டா நீ தாங்க மாட்டே.”

வந்தவர் தேநீரை ஊதிக் குடித்தார். “நாளைக்கு உங்க அறிக்கை போகுதாமே மேடம்.”

அவள் கணவரைப் பார்த்தாள். “நான் சொல்லல” என்றார் அவர் அவசரமாக.

“பேப்பர்லயே வந்திருக்கே, மூணாவது மொழிபெயர்ப்பாளர்னு.”

“பேர் வரலியே.”

“பேர் எதுக்கு? இந்தத் தெருவுல அகராதி அக்கான்னா யாரும் வழி காட்டுவாங்க.” டம்ளரைக் கீழே வைத்தார். “எங்க வீட்லகூட, போலீஸ் புடிச்சா தூக்கிட்டாங்கன்னுதான் சொல்லுவோம். இதுக்கு எதுக்கு மூணு பேரு, சொல்லுங்க.”

மூடிய அறையில் நடந்த விசாரணை அது. எந்தச் சொல்லில் வழக்கு நிற்கிறது என்று எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை.

“எந்தச் சொல்லப் பத்திப் பேசறீங்க?” என்றாள் அவள்.

வந்தவர் கணவர் பக்கம் திரும்பிக்கொண்டார். “பாவம் சார் உங்க பொண்ணு. ஆறாவது மாடி. லிஃப்ட் வேற ஒரு வாரமா ஓடல. இந்த நிலைமையில பை தூக்கிட்டுப் படி ஏறி இறங்கறாங்க.”

கணவரின் முகம் மாறியது. “லிஃப்ட் ஓடலியா? எங்ககிட்ட சொல்லவே இல்லியே.”

“உங்களக் கவலைப்படுத்த வேணாம்னு விட்டிருப்பாங்க.”

“அப்போ உங்ககிட்ட யாரு சொன்னா?”

வந்தவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பல் தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. நகலை எடுக்கக் கையை நீட்டினார். அதற்கு முன்னால் கணவரின் கை அதன் மேல் விழுந்தது. சரக்கு மூட்டைகளைத் தூக்கிக் காய்ப்பேறிய கை.

“பட்டியல்ல எம்பொண்ணு பேர் வேணாம்.”

“சார், பன்னிரண்டு நாள்தான் இருக்கு.”

“தெரியும். அவ அங்கயே பெத்துக்கட்டும். நான் சுத்துவழியில போய்ச் சேர்றேன். பதினேழு மணி நேரம் உட்கார்ந்தா எனக்கு ஒண்ணும் ஆகிடாது.” நகலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “எங்க போறா, எப்ப வர்றான்னு எண்ணிக்கிட்டு இருக்கற கையில அவளக் குடுக்க மாட்டேன்.”

“அப்புறம் வருத்தப்படுவீங்க.”

“வருத்தப்பட்டுக்கறோம்.”

வந்தவர் எழுந்தார். அவசரப்படாமல் காலணி மாட்டினார். மாட்டிக்கொண்டே சுவரில் இருந்த மகளின் கல்யாணப் படத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டார். வாசல்படி தாண்டியவர் நின்று, ஏதோ சாதாரண விஷயம் போலக் கேட்டார்.

“அந்த இடத்துல என்ன எழுதியிருக்கீங்க மேடம்?”

“நாளைக்குக் காலையில நீதிபதி படிப்பாரு.”

தலையை ஆட்டிக்கொண்டு படியிறங்கினார். கடைசிப் படியில் செருப்புச் சத்தம் ஓயும் வரைக்கும் இருவரும் அசையவில்லை. பிறகு கணவர் கதவைச் சாத்தி, மேல் தாழ்ப்பாளையும் கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டார்.