ஊதிக் காட்டிய வரிசையும் லூர்து சிஸ்டரும்

கீழப்பழுவூரில் பஸ் நின்றதும் கண்டக்டர்தான் சொன்னார்: “சார், ஒங்க ஆஸ்பத்திரி லூர்து சிஸ்டர் காலையில போயிட்டாங்களாம்.” அழுகை வரவேண்டிய நேரத்தில் எனக்கு அவருடைய சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும், அவரோடு பழகிய உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அரியலூரில் எங்கள் சின்ன ஆஸ்பத்திரியில் நான் மருந்து கொடுப்பவன், அவர் நர்ஸ். இடுப்புவலிக்கென்று அபினைத் தொட்டு, பிறகு விடமுடியாமல் தவித்த குவாரி ஆட்களுக்கு, அபினுக்குப் பதிலாக மாத்திரை கொடுத்து, அதன் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து பழக்கத்தை விடவைப்போம். புதிதாக வந்த டாக்டர் ஒரு சட்டம் போட்டார்: சாராயம் குடிப்பவனுக்கு மாத்திரை கிடையாது. இரண்டும் சேர்ந்தால் மூச்சு நின்றுவிடும் என்ற அவருடைய பயம் நியாயமானதுதான். வரிசையில் ஒவ்வொருவரும் வாயை ஊதிக் காட்ட வேண்டும்.

மறுநாள் வரிசை முழுக்க ஓமமும் கிராம்பும் மணத்தன. ஒருவர் நீலகிரித் தைலத்தில் வாய் கொப்பளித்துவிட்டு, நாக்கு வெந்து, பேசமுடியாமல் கையை ஆட்டினார். ஊதிக் காட்டியதில் எல்லோரும் தேறினார்கள். சின்னப்பன் மட்டும், “நேத்து குடிச்சேங்க. மாத்திரையக் கொறச்சதுல தூக்கம் வரலீங்க” என்றார். மாத்திரை முக்கால்வாசி குறைந்து, கரையேறும் நிலையில் இருந்த மனிதர். அவர் பெயரை அடித்தவன் நான்தான். சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது.

சிஸ்டர் என் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கிக்கொண்டு டாக்டரிடம் போனார். “பொய் சொன்னவனுக்கெல்லாம் மாத்திரை, நெசஞ் சொன்னவனுக்குக் கதவடைப்பா சார்? தொரத்திவுட்டா வெளியில ரெண்டையும் சேத்துப் போட்டுக்கிட்டுச் சாவான். இங்கன்னா மூஞ்சியப் பாத்துக் கொடுக்கலாம்.”

டாக்டர் வெளியே வந்து காற்றை மோந்து பார்த்தார். “என்ன சிஸ்டர், பிரியாணிக் கடை மாதிரி மணக்குது?” அவரே சிரித்துவிட்டார். சட்டம் மாறியது. குடியையும் சீட்டில் எழுதினோம். அதற்கும் சேர்த்தே வைத்தியம். தெளிந்து வந்தவர் எங்கள் கண்முன் மாத்திரையை விழுங்குவார். போதையோடு வந்தவரைத் தெளியும்வரை சிஸ்டர் பெஞ்சில் உட்கார வைத்து, மோர் கொடுத்து, வாய் ஓயாமல் திட்டுவார். “ரெண்டு ஓட்டைன்னா ரெண்டையும் அடைப்போம், சட்டிய ஏன் ஒடைக்கணும்?” என்பார்.

அடக்கத்துக்குச் சின்னப்பன் வந்திருந்தார். குழியருகே குனிந்து சொன்னார்: “அபினத் தொடாம ஆறு வருஷமாச்சு சிஸ்டர். நேத்து சேதி கேட்டதும் ரெண்டு கிளாஸ் குடிச்சுட்டேன். ஒங்ககிட்டப் பொய் சொல்லக் கூடாதுல்ல.” பாதிரியார் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம்.

சிஸ்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்: சிரித்து முடித்ததும் சின்னப்பனின் தோளைத் தொட்டு, “காலையில வாங்க சின்னப்பன், குடியப் பத்திப் பேசுவோம்” என்றேன்.