தர்ஷினியின் நீள வண்டி: வாங்குவதா, செய்வதா?

1. டிராம் ஓட்டுநர் ஒருவர் வந்தார்

சூரிச்சுக்குப் பக்கத்தில், ஷ்லீரனில், ஊர்ஸ் என்பவரின் உலோகப் பட்டறையில் நான் வெல்டராக இருக்கிறேன். ஓய்வுக்கு இன்னும் கொஞ்சக் காலம்தான். இத்தனை வருடமும் நான் ஒட்டியவை எல்லாம் ஒரே இடத்தில் நிற்கும் பொருட்கள். படிக்கட்டுக் கைப்பிடி, உணவகச் சமையலறை மேசை, பால் தொட்டி. ஓடுகிற பொருள் எதையும் நான் ஒட்டியதில்லை. அதனால் தர்ஷினி வந்து கேட்டபோது எனக்குக் காதில் சரியாக விழவில்லை என்றே நினைத்தேன்.

"அங்கிள், எனக்கு ஒரு டிராக்ஸ்டர் வேணும். ஃப்ரண்ட் எஞ்சின்."

"ட்ராக்டரோ?"

"இல்லை அங்கிள். டிராக்ஸ்டர்."

தர்ஷினி இங்கேயே பிறந்தவர். சூரிச்சில் டிராம் ஓட்டுகிறார். மதிய இடைவேளையில் சீருடையோடு வந்து, கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். தும்பி போல நீண்டு மெலிந்த வண்டி. முன்னால் சைக்கிள் சில்லுப் போல மெல்லிய சக்கரங்கள் இரண்டு, பின்னால் பீப்பாய் போல இரண்டு. நடுவில் மூடியில்லாமல் ஒரு பெரிய எஞ்சின். ஓட்டுபவர் எஞ்சினுக்கும் பின்னால், பின் அச்சையும் தாண்டி, வண்டியின் வாலில் இருந்தார். கால்கள் இரண்டும் அச்சின் மேலால் முன்னுக்கு நீண்டிருந்தன. இந்த வண்டிக்கு வளைவு தெரியாது. நேரே ஒரு ஓட்டம், பிறகு பாராசூட் விரித்து நிற்கவேண்டியதுதான்.

"இப்ப எல்லாரும் எஞ்சினைப் பின்னால வைச்சுத்தான் செய்யினம். அதுதான் பாதுகாப்பு. எனக்கும் தெரியும்" என்றார் தர்ஷினி. "ஆனா எனக்கு எஞ்சின் கண்ணுக்கு முன்னால வேணும் அங்கிள். நாள் முழுக்கக் கண்ணாடிக்கு முன்னால ரோட்டு மட்டும்தான் பாக்கிறன்."

ஊர்ஸ் கோப்பிக் கோப்பையோடு பின்னால் வந்து நின்றிருந்தார். அவர் சுவிஸ் ஜெர்மனில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"சிவம், கைப்பிடி செய்தது போதும். இதைச் செய்வம்."

எனக்குத் தயக்கம். கைப்பிடியில் ஒட்டு விட்டால் ஒருவர் ஒரு படி சறுக்குவார். இதில் ஒட்டு விட்டால் ஓட்டுகிறவரின் உயிரே போகும். ஆகவே நான் சொன்னேன்: "செய்ய வேண்டாம் பிள்ளை, வாங்குவம். ஆராவது ஓடிப் பாத்த வண்டியா வாங்கினா எனக்கும் நித்திரை வரும்."

2. ஊஸ்டரில் ஒரு கொட்டகை

டிராக்ஸ்டர் விற்பனைக்கு என்ற விளம்பரம் ஒன்றைத் தர்ஷினியே தேடிப் பிடித்தார். ஊஸ்டருக்கு வெளியே, விவசாய இயந்திரம் திருத்திய வால்ட்டர் என்ற முதியவரின் கொட்டகை. ஊர்ஸின் வான் வண்டியில் மூவரும் போனோம். வால்ட்டர் கதவைத் திறக்கக் குனியவேண்டி இருந்தது. அவ்வளவு உயரம்.

உள்ளே மஞ்சள் நிறத்தில் அந்த வண்டி இருந்தது. தர்ஷினி அதைச் சுற்றி நடந்தார். கல்யாண வீட்டில் பொம்பிளையைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. நான் வெளிச்சம் பிடித்து ஒட்டுகளைப் பார்த்தேன். சுத்தமான வேலை. குறை சொல்ல எதுவுமில்லை. வாங்கிவிடலாம், என் பாடு முடிந்தது என்று மகிழ்ந்தேன்.

பிறகு தர்ஷினி ஏறி இருந்தார். ஹெல்மெட்டின் உச்சி மட்டும் வெளியே தெரிந்தது.

"என்ன தெரியுது?" என்று கேட்டேன்.

"எஞ்சின் தெரியுது அங்கிள். வேற ஒண்டும் தெரியேல்லை."

ஆசனத்தை உயர்த்தலாம். ஆனால் கால்? வால்ட்டரின் காலுக்குச் செய்த வண்டி அது. பெடல்கள் அச்சுக்கு அப்பால் வெகு தூரத்தில் இருந்தன. அவற்றைக் கிட்டக் கொண்டுவரலாம் என்றால் இடையில் அச்சுப் பெட்டி கிடந்தது. தர்ஷினி முக்கி முக்கி நீட்டினார். சப்பாத்து நுனி காற்றைத்தான் தொட்டது.

வால்ட்டர் சிரித்துவிட்டார். "இது எனக்குத் தைச்ச கோட்டு, அம்மணி. இந்த வண்டியில முதல் உதிரிப்பாகம் ஓட்டுற ஆள்தான். ஆளை இருத்திப்போட்டு ஆளைச் சுத்திக் குழாய் வளைக்கவேணும்."

தர்ஷினியின் முகம் வாடியதைப் பார்த்து, அவர் எஞ்சினை ஸ்டார்ட் செய்து காட்டினார். எட்டு உருளை கொண்ட பழைய அமெரிக்க வி-எட்டு. கொட்டகையின் தகரம் அதிர்ந்தது. நெஞ்சுக்குள் தவில் அடித்தது போல இருந்தது எனக்கு. ஊர்ஸ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். வால்ட்டர் எஞ்சினை நிறுத்தினார்.

"எஞ்சின், அச்சு, பாராசூட் எல்லாம் தாறன்" என்றார் வால்ட்டர். "இந்தக் குழாய்க் கூடு என்னட்டை இருக்கட்டும். அவவுக்கு அவவின்ர அளவில ஒரு கூடு செய்யுங்கோ."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாங்கித் தப்பிக்கலாம் என்ற கணக்கு அங்கே முடிந்தது.

3. குழாயைப் பழகியது

கூட்டுக்குக் குரோம்-மொலி என்ற கலப்பு எஃகுக் குழாய்தான். சுவர் மெல்லியது, பலம் கூடியது. ஆனால் கை அவசரப்பட்டால் மன்னிக்காது. நான் தர்ஷினியிடம் சொன்னேன்: "முதல் துண்டு துண்டா ஒட்டி உடைச்சுப் பாப்பன். எனக்கு நம்பிக்கை வந்தா ஓம். வராட்டி வேற ஆளைப் பாருங்கோ."

மாலையில் வேலை முடிந்ததும் துண்டுகளை எடுப்பேன். அசிட்டோனால் துடைத்து, இடைவெளி இல்லாமல் பொருத்தி, டிக் என்ற நுண் வெல்டிங் முறையில் மெதுவாக ஒட்டுவேன். கதவைச் சாத்திவிடுவேன். குளிர்காற்றுப் பட்டு ஒட்டு சட்டென்று ஆறினால் அந்த இடம் நொறுங்கும். தானாக ஆறிய பிறகு வைஸ் இடுக்கியில் பிடித்து, நீள இரும்பால் நெம்பிக் கிழிப்பேன். ஆரம்பத்தில் ஒட்டின் ஓரத்திலேயே விட்டது. வெப்பத்தைக் குறைத்தேன், கையின் வேகத்தை மாற்றினேன். ஒரு நாள் குழாய் கிழிந்தது, ஒட்டு அப்படியே நின்றது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

ஊர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அந்தக் கிழிந்த துண்டை வாங்கிப் போய்த் தன் அலுவலக மேசையில் வைத்துக்கொண்டார்.

4. அம்மா வந்தார்

குழாய் வெட்ட முன் மரச்சட்டத்திலும் பிளாஸ்டிக் குழாயிலும் ஒரு மாதிரிக் கூடு கட்டினோம். தர்ஷினியை இருத்தி, கை, கால், தலை எல்லாவற்றுக்கும் இடம் குறித்தோம். வேலை முடிந்தது என்று நினைத்த சமயம் தர்ஷினியின் அம்மா பட்டறைக்கு வந்தார். பவளம் அக்கா. முதியோர் இல்லமொன்றில் வேலை. மகள் அப்போது டிராமில் இருந்தார்.

"அண்ணை, நீங்கள் ஏலாது எண்டு சொல்லுங்கோ. நான் சொன்னாக் கேக்கமாட்டாள். நீங்கள் சொன்னாக் கேப்பாள்."

"என்னால ஏலும் அக்கா. ஏலுமெண்டு தெரிஞ்சுபோட்டு எப்பிடிப் பொய் சொல்லுறது?"

அவர் மரக்கூட்டைப் பார்த்தார். "இதுக்குள்ளயோ இருக்கப்போறாள்?"

"ஓம்."

"அப்ப முதல் நான் இருந்து பாக்கிறன்."

குளிர்க் கோட்டைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு ஏறினார். அங்கும் இங்கும் தொட்டுப் பார்த்தார். முன்னால் எஞ்சின் வரும் இடத்தில் நாங்கள் வைத்திருந்த அட்டைப் பெட்டியை வெகு நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "இதில நெருப்புப் பிடிச்சா அவள் எப்பிடி வெளியில வாறது?"

மேலால் என்றேன். எவ்வளவு நேரம் என்றார். இருப்பதற்கு அளவெடுத்த நாங்கள் எழும்புவதற்கு அளவெடுக்கவில்லை.

தர்ஷினி வேலை முடிந்து வந்தபோது அம்மா இன்னும் உள்ளேதான் இருந்தார். மகள் வாசலிலேயே நின்றுவிட்டார். "அம்மா, அங்க என்ன செய்யிறீங்கள்?"

"இறங்கப்போறன். நீ ஏறு."

மகளை இருத்தி, பெல்ட்டை இறுக்கி, தன் சால்வையால் கண்ணைக் கட்டினார். "புகையில கண் தெரியாது. இப்ப நெருப்பு. வா வெளியில."

தர்ஷினி பெல்ட்டைக் கழற்றினார், ஸ்டீயரிங்கைக் கழற்றினார், எழுந்தார். இடது சப்பாத்து, பெடலுக்கு மேலே நாங்கள் வைத்திருந்த குறுக்குச் சட்டத்தில் மாட்டிக்கொண்டது. இழுத்தார். வரவில்லை.

ஊர்ஸ் ஓடினார். மரம் அறுக்கும் வாளை எடுத்து வந்து அந்தச் சட்டத்தை அறுத்தார். சட்டத்தை முன்னுக்குத் தள்ளிக் கட்டினோம். திரும்பவும் கண்ணைக் கட்டி இறக்கினோம். முழங்கால் தட்டியது. ஏறி இறங்கும் வாயை அகட்டினோம். கூட்டின் பலம் குறையாமல் இருக்க வேறொரு இடத்தில் மூலைச்சட்டம் சேர்த்தோம். தர்ஷினி ஏறுவதும் இறங்குவதுமாக வேர்த்து விறுவிறுத்துப்போனார். கடைசியில் அம்மா "நெருப்பு" என்று சொல்லி வாயை மூட முன் மகள் வெளியே குதித்து நின்றார். எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, பவளம் அக்காவுக்கும்தான்.

"அப்ப சம்மதமோ அக்கா?" என்று கேட்டேன்.

"நான் ஓம் எண்டு சொல்லேல்லை. கால் வெளியில வருது எண்டு மட்டும்தான் சொல்லுறன்."

5. ஓட்டம்

குளிர்காலம் முழுக்கக் கூடு வளர்ந்தது. வசந்தத்தில் வண்டி எழுந்து நின்றது. எல்லை தாண்டி ஜெர்மனியில், கைவிடப்பட்ட விமான ஓடுதளம் ஒன்றில் ஓட்டம். வால்ட்டரும் வந்திருந்தார், தன் பழைய ரேஸ் ஜாக்கெட்டோடு. பவளம் அக்காவும் வந்திருந்தார், இன்னும் ஓம் சொல்லாமலே.

ஓட்டத்துக்கு அனுமதி தரும் பரிசோதகர் என் ஒட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு தர்ஷினியை இருத்தி, அவசரமாக இறங்கிக் காட்டச் சொன்னார். மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது தர்ஷினி அவருக்குப் பக்கத்தில் நின்றார். அவர் சிரித்துக்கொண்டே ஒட்டுத்தாளை வண்டியில் ஒட்டினார்.

முதல் ஓட்டம் பாதித் தூரம் மட்டும். பச்சை விளக்கு விழுந்தது. வண்டி முன் சில்லைக் கொஞ்சம் தூக்கி, ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு ஓடியது. என் கண் வண்டியில் இல்லை, குழாய் ஒட்டுகளில் இருந்தது. அவ்வளவு தூரத்தில் எதுவும் தெரியாது என்று தெரிந்தும் பார்த்தேன். பாராசூட் விரிந்தது. வேலியைப் பிடித்திருந்த என் விரல்களை நானே ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது.

வண்டியை இழுத்து வந்தார்கள். தர்ஷினியின் ஹெல்மெட் கண்ணாடியில் எண்ணெய்ப் பொட்டுகள். முன் எஞ்சின் என்றால் அப்படித்தான்.

"பயமா இருந்ததோ அக்கா?" என்று பவளம் அக்காவைக் கேட்டேன்.

"ஓம். இப்பவும் பயம்தான். அடுத்த தரமும் பயப்பிடுவன்." மகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆனா அவள் இப்பிடிச் சிரிச்சு நான் கனகாலம் காணேல்லை."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். ஒரு வேலையை விரும்புகிறவர்கள் அது எப்படி ஓடும் என்று கேட்பார்கள். விரும்பாதவர்தான் அது எப்படி முறியும் என்று கேட்பார். முதல் குழாயை வெட்டுமுன் அந்த ஆளையும் பட்டறைக்குள் கூப்பிட வேண்டும். இப்போது புது வேலையோடு யார் வந்தாலும், அளவுநாடாவை எடுக்க முன் நான் கேட்பது இதுதான்:

"வீட்டில இது வேண்டாம் எண்டு ஆர் சொல்லினம்? அவையையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோ."