மூன்றாவது கமரா

பிள்ளையள், கலியாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் கமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற அப்பா, செத்தவீட்டுக்குக் கேட்டால் மட்டும் ஏன் மாட்டன் என்கிறார் என்று கேட்டனியள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

உரும்பிராயில் ஒரு தாய் மோசம் போய்ச் செத்தவீடு. மகன் பிரான்சில். அகதி வழக்கு முடியாததால் வர வழியில்லை. நான் அப்போதுதான் டிவிடியில் ஒரு புது வேலை பழகியிருந்தேன். மூன்று கமராவில் ஒரே நேரத்தில் எடுத்து ஒரு டிஸ்கில் பதிந்தால், பார்க்கிறவர் ரிமோட்டை அமத்திக் கோணம் மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.

"ஒரே டிஸ்கிலை எல்லாம் தாறன் தம்பி" என்று போனில் பெருமையாகச் சொன்னேன்.

"அப்ப ஒரு கமராவை அம்மாவின்ரை முகத்திலையே விடுங்கோ அண்ணை. பெட்டி மூடுமட்டும் அசைக்க வேண்டாம்."

அப்படியே செய்தேன். ஒன்று வாசல் படலையில், வருகிற சனத்துக்கு. ஒன்று கிரியைப் பந்தலில். மூன்றாவது தாயின் முகத்தில்.

பிழை விட்டது கணக்கில். ஒரு மணித்தியாலப் படம், இரண்டு மணித்தியாலம் பிடிக்கிற டிஸ்க், அரைவாசி இடம் மிஞ்சும் என்று இருந்துவிட்டேன். ஒவ்வொரு கோணமும் தன்பாட்டுக்கு இடம் தின்னும் என்பது பதியக் குந்தின அன்றுதான் மண்டையில் ஏறினது. மூன்று மணித்தியாலம்! தரத்தைக் குறைத்துப் பார்த்தேன், முகங்கள் கட்டங் கட்டமாக உடைந்தன. டிஸ்கைக் கொண்டுபோகிற ஆளுக்கு அடுத்தநாள் பிளேன்.

செத்தவவின் மகளிடம் ஓடினேன்.

"படலையிலை கை வைச்சிடாதேங்கோ அண்ணை" என்றா. "ஆர் வந்தது, ஆர் வரேல்லை எண்டு அங்கை இருக்கிற சொந்தம் முழுக்கப் பாக்கும். பெரியப்பா ஆக்கள் விடுபட்டால் பிறகு எங்கடை வாசலை மிதியாயினம்."

பந்தலையும் விட ஏலாது. மிச்சம் மூன்றாவது கமராதான். ஒரு மணித்தியாலமும் அதில் ஒன்றுமே நடக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லி, அதை எடுத்துவிட்டேன். இரண்டு டிஸ்க் எழுதியிருக்கலாம். ஒரே டிஸ்க் என்று வாயைக் கொடுத்த வீம்பு விடவில்லை.

ஒரு கிழமையால் மகன் போன் எடுத்தார்.

"அண்ணை, அமத்திறன், அமத்திறன், படலையும் பந்தலுந்தான் வருது. அம்மா எங்கை?"

"இடம் காணேல்லைத் தம்பி."

"பெரியப்பா பல்லுக் குத்திக்கொண்டு நிக்கிறதுக்கு இடம் கண்டிருக்கு. அம்மாவுக்குக் காணேல்லையோ?"

பிறகு அவரே இறங்கி வந்தார்.

"சரி, அந்தக் கமரா எடுத்ததை அப்பிடியே அனுப்பிவிடுங்கோ. ஒண்டும் வெட்ட வேண்டாம்."

அதுவும் இல்லை. நெல்லியடியில் ஒரு கலியாணம் எடுக்க ஹார்ட் டிஸ்கில் இடம் வேண்டியிருந்தது. டிவிடி போன மறுநாளே மூலப்படம் முழுவதையும் அழித்துப்போட்டேன். உண்மையைச் சொன்னேன். அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "ஓம் அண்ணை" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார்.

அன்று பின்னேரம், வேலைக்கு நின்றவர்கள் போனபிறகு, கடைக் கண்ணாடியில் நான் ஒட்டியிருந்த "விரும்பிய கோணத்தில் பாருங்கள்" என்ற விளம்பரத்தைச் சவர பிளேடால் சுரண்டி எடுத்தேன்.