அப்பா வாட்சும் பெரியப்பா வாட்சும்

இதைப் படிப்பவர்கள் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோடு போட்ட தாளில் எழுதினாலும் என் எழுத்து கோட்டின் மேல் நிற்பதில்லை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிட்டது. எந்த ‘ன’, எந்த ‘ல’ என்று யோசித்துக்கொண்டே இருந்தால் சொல்ல வந்தது மறந்துபோகிறது. அதனால் வந்தபடி எழுதுகிறேன். எங்காவது பிழை தட்டினால் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், காதுக்குச் சரியாக வந்துவிடும்.

நான் மைசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பியூன். காலையில் கேட்டைத் திறப்பதிலிருந்து பீரியடுக்குப் பீரியடு மணி அடிப்பது வரை என் வேலை. யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால்தான் இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. நான் கூச்சக்காரன். கடையில் மிச்சச் சில்லறை கேட்கக்கூட இரண்டு முறை தொண்டையைக் கனைத்துக்கொள்வேன்.

அம்மா இறந்த பிறகு பீரோவைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் கைக்கடிகாரம் கிடைத்தது. தினமும் சாவி கொடுக்கும் பழைய வாட்ச். வெள்ளை டயல், கறுப்பு எண்கள், கம்பி போல மெல்லிய வினாடி முள். அப்பாவும் பெரியப்பாவும் ஒரே மில்லில் வேலை பார்த்தார்கள். வருடம் முழுக்க ஒரு நாளும் லீவு போடாதவர்களுக்கு மில்லில் வாட்ச் பரிசு என்று அறிவித்தபோது, அண்ணன் தம்பி இருவருக்கும் வெறி பிடித்துவிட்டதாம். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர் வீட்டுக்கு வந்து, ‘எழுந்து வாடா’ என்று சைக்கிளில் ஏற்றிப் போவாராம். கடைசியில் ஒரே நாளில், ஒரே மாதிரி இரண்டு வாட்ச் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

சாவி கொடுத்துப் பார்த்தேன். ஓடியது! மூன்று நாள் கட்டிக்கொண்டு திரிந்தேன். நாலாம் நாள் முகம் கழுவக் கழற்றியபோது கை வழுக்கி, துவைக்கிற கல்லின் மேல் விழுந்துவிட்டது. அதோடு நின்றுபோனது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் கொடுத்தேன். உள்ளே பேலன்ஸ் வீலின் அச்சு முறிந்துவிட்டது, வேறு போட்டுவிடலாம் என்றார்கள். இந்தப் பேலன்ஸ் வீல்தான் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே நேரத்தை அளக்கிற சின்னச் சக்கரம், வாட்சுக்கு அதுதான் இதயம். இரண்டு நாளில் வாட்ச் ஓட ஆரம்பித்தது. சந்தோஷம் தாங்காமல் நான் செய்தது பெரிய பிசகு. ஆபீஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல், அன்று காலையிலிருந்து அப்பா வாட்சைப் பார்த்தே மணி அடித்தேன். முதல் பீரியடு, இரண்டாம் பீரியடு... மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் பிள்ளைகள் ஹோவென்று ஓடிவந்தார்கள். சமையல் அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள்.

“என்ன அண்ணா, சாம்பார் இன்னும் கொதிக்கவே இல்ல, அதுக்குள்ள அடிச்சிட்டீங்க?”

தலைமை ஆசிரியை என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். “இருபத்தஞ்சு நிமிஷம் ஃபாஸ்ட். இப்படியே போனா வெள்ளிக்கிழமைக்குள்ள பரீட்சையே முடிச்சிடுவீங்க போல.”

பிள்ளைகளுக்கு அன்றிலிருந்து நான் செல்லம். ஆனால் எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது.

தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடிப்படிக்குக் கீழே வாட்ச் கடை வைத்திருக்கும் பெண்ணைப் பற்றிச் சமையல் அம்மாதான் சொன்னாள். தசரா லீவில் போனேன். முப்பது வயது இருக்கும். கன்னடக்காரி, தமிழும் பேசினாள். கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு மூடியைத் திறந்தவுடன் உதட்டைப் பிதுக்கினாள்.

“நோடி, இங்க பாருங்க அண்ணா, இதுல போட்டிருக்கிற பேலன்ஸ் இந்த வாட்சோடது இல்ல. வேற எதுலயோ இருந்து எடுத்து, தேச்சு உள்ள தள்ளியிருக்காங்க. அதான் பேய் பிடிச்ச மாதிரி ஓடுது.”

“ஒரிஜினல் கிடைக்குமா?” என்று கேட்டேன்.

“ஆன்லைன்ல ஒரிஜினல்னு போட்டு விக்கிறாங்க. நாலு வாங்கினா மூணு டூப்ளிகேட். இதே மாடல், இதே வருஷம் செஞ்ச வாட்ச் ஒன்னு சிக்கினா, அதுலேர்ந்து எடுத்துப் போடலாம். அப்போ பாருங்க, குதிரை மாதிரி ஓடும்.”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதே மாடல், இதே வருஷம்! எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பெரியப்பா மகள், என் அக்கா, நர்ஸ் வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவள், அவள் வீட்டில் இருக்கிறது. கடையை விட்டு வெளியே வந்து நாலு எட்டு வைத்த பிறகுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அக்கா என்னோடு பத்து வருடமாகப் பேசுவதில்லை.

தப்பு என்னுடையதுதான். அக்கா மகள் கல்யாணத்துக்கு மண்டப வாசல் வரை போய்விட்டு, உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன். வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் எனக்குத் தெரிந்தவர்கள் இல்லை. கோட்டு சூட்டு போட்டவர்கள் நின்றார்கள். ‘நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?’ என்று ஒருவர் கேட்டார். வாய் அடைத்துவிட்டது. அவ்வளவுதான். நான் திரும்பிப் போனதை யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள்.

இப்போது அந்த வாட்ச் வேண்டும். இரண்டு நாள் அக்கா வீட்டுத் தெரு முனை வரை போய்த் திரும்பினேன். மூன்றாம் நாள் அக்காவே காய்கறிப் பையோடு எதிரே வந்துவிட்டாள்.

“என்னடா, மூணு நாளா தெருவை அளக்குறியாம்? பக்கத்து வீட்டுக்காரி திருடன்னு நினைச்சுப் போலீசுக்குப் போன் பண்றேன்னா. நான்தான், வேண்டாம், அவன் எங்க சித்தப்பா மகன், வாசலோட போயிடுவான்னு சொன்னேன்.”

நான் சட்டைப் பையிலிருந்து வாட்சை எடுத்து நீட்டினேன். எதற்கு வந்தேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். இடையில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று பயம்.

அக்கா என்னைத் தன் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனாள். வெளியே வரும்போது கையில் பெரியப்பா வாட்ச் இருந்தது. அச்சு அசலாக அதே வாட்ச். ஆனால் சாவி கொடுக்கும் குமிழைக் காணோம், மணி முள் உதிர்ந்து டயலுக்குள் கிடந்தது, கண்ணாடியில் கீறல்.

“எனக்கும் இதை ஓட வைக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. உன்னோடதுல குமிழ், முள் எல்லாம் நல்லா இருக்கே. நீ அதைக் கழட்டி எனக்குக் குடேன்.”

நான் வாட்சை மறுபடி சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

“சரி, நடடா. கடைக்கு நானும் வர்றேன். உன்னைத் தனியா அனுப்பினா வித்துட்டு வந்திடுவ, எவன் கேட்டாலும் வேண்டாம்னு சொல்ல வாய் வராது.”

கடைக்காரப் பெண் இரண்டு வாட்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறந்தாள். அவள் காற்று ஊதும் ரப்பர் பந்தால் பெரியப்பா வாட்சின் பேலன்ஸின் மேல் மெல்ல ஒரு ஊது ஊதினாள். சக்கரம் ஆடியது! நாற்பது வருடத்துக்கு மேல் பழசு, பாச்சை உருண்டை வாசனைக்கு நடுவே கிடந்தது, ஒரு ஊதலுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று அழகாக ஆடி நின்றது.

“சூப்பர்! இது பக்கா ஒரிஜினல். ஆனா இதுல சாவி கொடுத்தா சுத்திக்கிற மெயின் ஸ்பிரிங் அறுந்திருக்கு. அது உங்களோடதுல நல்லா இருக்கு. ரெண்டையும் சேர்த்தா ஒன்னு கண்டிப்பா ஓடும். ரெண்டும் ஓடாது.” லென்ஸைக் கழற்றி எங்களைப் பார்த்தாள். “யார் வாட்ச்ல இருந்து எடுத்து யார் வாட்சுக்குப் போடட்டும்?”

“என்னோடதுக்கு” என்றேன். என் குரல்தானா என்று எனக்கே ஆச்சரியம்.

“எங்கப்பா வாட்ச் செத்துப்போகணுமா?” என்றாள் அக்கா.

“எங்கப்பா வாட்ச் ஓடணும், அக்கா.”

“சித்தப்பாவைக் காய்ச்சலோட சைக்கிள்ல வெச்சு மில்லுக்குக் கூட்டிட்டுப் போனதே எங்கப்பாதான். இல்லன்னா உங்கப்பாவுக்கு ஏதுடா வாட்ச்?”

“பெரியப்பாவையும் எங்கப்பா கூட்டிட்டுப் போயிருக்காரு. ரெண்டு தடவை.”

“ரெண்டு தடவைன்னு எண்ணி வெச்சிருக்கியா? பத்து வருஷமா பேச்சு இல்ல, இப்ப எங்கேர்ந்துடா வருது?”

பின்னால் தன் வாட்சுக்குப் பேட்டரி மாற்ற வந்த ஆள் சிரித்துவிட்டார். கடைக்காரப் பெண் இரண்டு வாட்சையும் தட்டால் மூடினாள். “எனக்கு வேற கஸ்டமர் இருக்காங்க. ரெண்டு பேரும் போய் காபி குடிச்சிட்டு ஒரு முடிவோட வாங்க.”

எதிரே ஓட்டலில் நின்றுகொண்டே குடித்தோம். அக்கா தன் காபியை ஆற்றிக்கொண்டே, “அன்னைக்கு ஏன்டா திரும்பிப் போன?” என்றாள். சொன்னேன். பன்னீர், கோட்டு, பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்ற கேள்வி, எல்லாம் சொன்னேன்.

“பொண்ணு வீடுன்னு ரெண்டு வார்த்தை சொல்ல முடியலையா?”

“முடியல, அக்கா.”

“வெறுங்கையோட வந்தோமேன்னு போயிட்டன்னு நான் நினைச்சேன்.”

“இல்ல. குக்கர் வாங்கிட்டு வந்தேன்.”

“குக்கரா? எங்கடா அது?”

“அலமாரி மேல இருக்கு. பெட்டி பிரிக்கல.”

அக்காவுக்குப் புரையேறிவிட்டது. அவள் தலையைத் தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நான் நின்றேன். சிரிப்பும் இருமலுமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பத்து வருஷமா என் மக குக்கரை அடைச்சு வெச்சிருக்கான் பாவி!” என்று ஓட்டல்காரரிடமே சொன்னாள்.

பிறகு மறுபடி காபியை ஆற்ற ஆரம்பித்தாள். அது அக்டோபர் மாதம். எங்கள் சர்ச் பங்கில் அந்த ஜெபமாலை மாதத்தில் மாதா சிலையை, சுரூபம் என்போம், வீடு வீடாகக் கொண்டுபோவார்கள். ஒரு வீட்டார் தூக்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டில் வைப்பார்கள். அந்த வீட்டில் ஜெபம் சொல்லி, வந்தவர்களுக்கு ஏதாவது சாப்பிடக் கொடுத்து, மறுநாள் அவர்கள் அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். யார் வீட்டுச் சுரூபம் என்று யாரும் கேட்பதில்லை.

“சுரூபம் மாதிரி வெச்சுக்கலாமா?” என்றாள் அக்கா. “ஒரு மாசம் உன் வீடு, ஒரு மாசம் என் வீடு. மாசக் கடைசி ஞாயிறு பூசை முடிஞ்சதும் கொண்டுவந்து ஒப்படைக்கணும். வாசல்ல நின்னு நீட்டக் கூடாது. உள்ள வரணும், உட்காரணும், சாப்பிட்டுட்டுத்தான் போகணும். சம்மதமா?”

வாட்ச் பாதி போய்விட்டது என்று நான் நினைக்க வேண்டும். ஆனால் எனக்கு ஓடிப்போய்க் கடைக்காரப் பெண்ணிடம் சொல்ல வேண்டும் போலத்தான் இருந்தது. காபிக் கிளாஸை வைத்த வேகத்தில் மிச்சக் காபி கை மேல் கொட்டியது.

அந்தப் பெண்ணுக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. அப்பா வாட்சின் உடம்பில் பெரியப்பா வாட்சின் பேலன்ஸ். பின்பக்க மூடியும் பெரியப்பாவுடையதே இருக்கட்டும் என்று அக்கா சொன்னாள். இரண்டும் ஒரே அளவு, கச்சிதமாகப் பொருந்தியது. மிச்சம் இருந்தவற்றைக் கடைக்காரப் பெண் ஒரு சின்ன டப்பியில் போட்டுக் கொடுத்தாள். எல்லாம் கழுவி, எண்ணெய் வைத்து, நாலு நாள் கழித்து வரச் சொன்னாள். அந்த நாலு நாளும் நான் தூங்கியது பெயருக்குத்தான்.

நாலாம் நாள் அக்கா எனக்கு முன்பே வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பெண் சாவி கொடுத்தாள். அக்கா வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டு, தரவே இல்லை. “குடுங்க அக்கா, குடுங்க” என்று சின்னப் பிள்ளை போலக் கேட்டு வாங்கி நான் காதில் வைத்தேன். டிக் டிக் டிக் டிக் என்று ஓட்டமாக, சுத்தமாக, ஒரு தடங்கலும் இல்லாமல்! தெருவில் ஆட்டோ ஹாரன் அடிக்கிறது, பூக்காரர்கள் கத்துகிறார்கள், எனக்கு அது ஒன்றுதான் கேட்டது.

முதல் மாதம் யாருக்கு என்று சீட்டு எழுதிப்போட்டுப் பார்க்கலாம் என்றேன். அக்கா உடனே, “வேண்டாம், நீதான் கஷ்டப்பட்ட, முதல்ல நீ வெச்சுக்கோ. நவம்பர் உனக்கு, டிசம்பர் எனக்கு” என்றாள். என்ன பெரிய மனசு என்று வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி காலண்டரைக் காட்டினாள். “கிறிஸ்துமஸ் அன்னைக்கு வாட்ச் யார் கையில இருக்கும், சொல்லுங்க?” அக்கா அதையெல்லாம் காபி ஆற்றும்போதே கணக்குப் போட்டிருக்கிறாள்.

இந்த மாதம் முழுக்கத் தினமும் காலை அக்காவிடமிருந்து போன். “இப்ப என்ன காட்டுது?” நான் சொல்வேன். “என் போன்லயும் அதேதான்” என்பாள். ஒரு நாளும் அரை நிமிடத்துக்கு மேல் பிசகவில்லை. எதிர்பார்த்து, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கப் பழகிவிட்டேன்.

நாளை கடைசி ஞாயிறு. பூசை முடிந்ததும் வாட்சைக் கொண்டுபோய் அக்கா வீட்டில் ஒப்படைக்க வேண்டும். ஆட்டுக்கறிக் குழம்பு வைக்கிறாளாம், குடும்பத்தோடு வரச் சொல்லியிருக்கிறாள். கையில் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று, அதைக் கழற்றி மேஜை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே எழுதி முடித்தேன்.

சனிக்கிழமை, நவம்பர் 29.