மூச்சுக்கு அவர்கள் எழுதிய காரணம்

குளோரின் சிலிண்டரின் வால்வு உடைந்தபோது நான் ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் மாதிரிகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். நகருக்கு வெளியே இருந்த அந்தத் தொழிற்சாலையில் எனக்கு அது பதினோராவது வருடம். முதலில் கண் எரிந்தது, பிறகு தொண்டை. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய் விழுந்தது வரை நினைவிருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து கரமனையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு, மாடிப்படியில் ஐந்தாவது படியிலேயே மூச்சு வாங்கியது. அதைவிட மோசம், பக்கத்து வீட்டில் பிளீச்சிங் பவுடர் போட்டால்கூட அந்த வாடைக்குப் பயந்து தெருவுக்கு ஓடிவிடுவேன்.

கம்பெனி ஒரு கவுன்சிலரை அனுப்பியது. என்னைவிடச் சின்னவள். வாரம் ஒருமுறை வீட்டுக்கே வந்தாள்.

"சேச்சி எதையும் ஒளிக்க வேண்டாம் கேட்டோ. இங்க பேசறது நமக்குள்ளதான்" என்றாள் முதல் நாளே, மலையாளம் கலந்த தமிழில்.

நம்பினேன். பல வருடங்களுக்கு முன் ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்ததையும், அதன் பிறகு தூக்கம் போய் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டதையும் சொன்னேன். என் கணவரைத் தவிர யாருக்கும் தெரியாத விஷயம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று மதியம் நன்றாகத் தூங்கினேன்.

ரசாயனப் புகை படாத வேலைக்கு மாற்றச் சொல்லி விண்ணப்பித்தபோது மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். என் மூச்சுத்திணறலுக்கு விபத்து காரணமில்லை, எனக்கு முன்பே மனநோய் இருந்தது என்று அதில் இருந்தது. கலைந்த கருவும் ஒரு வரியாக இருந்தது. கீழே அவள் கையெழுத்து. மேனேஜர் அதையெல்லாம் படித்திருக்கிறார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவளுக்கு போன் செய்தேன். "ரிப்போர்ட்டை அவங்களுக்குத்தானே கொடுக்கணும் சேச்சி. எனக்கும் ஜோலி வேணுமில்லையா" என்றாள்.

அதன் பிறகு என் மூச்சையே நான் சந்தேகிக்க ஆரம்பித்தேன். படியில் திணறினால், நடிக்கிறேனோ என்று தோன்றும். ஆஸ்பத்திரியில் கொடுத்த இன்ஹேலரைத் தொடுவதையே விட்டேன். ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருந்த கணவர் ஒரு காலை சொன்னார்: "உனக்கு ஒண்ணுமில்லைன்னு நானா சொன்னேன்? கிளம்பு, பெரிய ஆஸ்பத்திரியில காட்டிண்டு வரலாம்."

அங்கே மூச்சை அளக்க ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். முடிவைப் பார்த்த டாக்டரம்மாவிடம் அந்த அறிக்கையைப் பற்றியும் சொன்னேன்.

"நுரையீரலும் கெட்டிருக்கு, பயமும் இருக்கு. ரெண்டும் அந்த குளோரின் கேஸ் கொண்டு வந்ததுதான். ஒண்ணு இருந்தா மற்றது பொய் ஆயிடுமா?" என்றார்.

அங்கேயே அழுதேன்.

அவர் எழுதிக் கொடுத்ததை வைத்துத் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தோம். அதன்பின் கம்பெனியில் என்னைக் கோப்பறைக்கு மாற்றினார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்ஹேலரையும் திரும்ப எடுத்துக்கொண்டதில், இப்போது மாடி வரை நிற்காமல் ஏறுகிறேன்.

மனநல மருத்துவரையும் பார்க்கச் சொன்னார் டாக்டரம்மா. மாதம் ஒருமுறை போகிறேன். நல்லவர், பொறுமையாகக் கேட்கிறார். மழையைப் பற்றியும் பஸ் கூட்டத்தைப் பற்றியும் பேசிவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன்.